லீவில் பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்பலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் ஜூன் 14 வரை கரையில்தான் இருப்பார். கடிதம் எழுதிய தாய் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறார். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. இரண்டு பேருமே அரசுப் பள்ளி. லீவு விட்டால் மகன் போனும் கையுமாகக் கிடக்கிறான், மகள் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. "நாலு பேருக்கு உதவுற பிள்ளைங்களா இவங்க வளரணும்னு எனக்கு ரொம்ப ஆசை" என்று எழுதியிருக்கிறார்.

இந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, மே மாதம் கோடைத் தன்னார்வ முகாம் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. பத்து நாள். கடற்கரையைச் சுத்தம் செய்வது, இரவில் ஆமை முட்டை தேடுவது, படகில் ஒரு தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்ப்பது, இரண்டு இரவு வெளியே தங்குவது. பிள்ளை ஒன்றுக்கு 3,500 ரூபாய். முடிவில் சான்றிதழ் தருவார்களாம், அது காலேஜ் சீட்டுக்கு உதவுமாம். இவர் 1,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "ஊர்க் குப்பையை அள்ள எம்புள்ள எதுக்கு? எங்கூட வலை வேலைக்கு வரட்டும்" என்கிறார் கணவர். "சமைஞ்ச பிள்ளையை ராத்தங்க அனுப்புறதா?" என்கிறார் மாமியார். அரையாண்டு லீவில் இந்தத் தாய் ஒரு கடற்கரைத் துப்புரவு நிகழ்ச்சிக்கு மகனை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போயிருக்கிறார். அவனோ, "டூரிஸ்ட் போட்ட குப்பையை நாம எதுக்கும்மா பொறுக்கணும்?" என்று பாதியிலேயே திரும்பி வந்துவிட்டான். இப்போது நாளைக்கு 100 ரூபாய் தருவதாகச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். இப்படிச் செய்யலாமா, கட்டாயப்படுத்துவது தப்பா, சான்றிதழால் பயன் உண்டா, குழந்தைத் தொழிலாளர் வழக்கு என்று எதுவும் வந்துவிடுமா, மகளுக்குப் பாதுகாப்பு எப்படி என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியாக, "கலாம் ஐயாவே சின்ன வயசுல பேப்பர் போட்டவர்தானே?" என்றும் ஒரு வரி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆசை மிக நல்ல ஆசை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கும் அந்த நோட்டீசுக்கும் பொருத்தம் குறைவு. நீங்கள் எழுதியிருக்கிறபடி பார்த்தால், இந்த முகாமுக்குப் பிள்ளைகளை இப்போது அனுப்ப வேண்டாம் என்பேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 7,000 ரூபாய். தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு அரசு தருவதே 8,000 ரூபாய். வருமானம் நிற்கிற இரண்டு மாதத்தில் இவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுத்துத்தான் பிள்ளைகளுக்குச் சேவை மனசு வர வேண்டும் என்பதில்லை. காசில்லாமல், உங்கள் ஊரிலேயே, இந்த லீவிலேயே அதைத் தொடங்கலாம்.

அதற்கு முன்னால் உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

மகன் சோம்பேறி இல்லை

டூரிஸ்ட் போட்ட குப்பையை நாம எதுக்குப் பொறுக்கணும் என்று கேட்கிற 11 வயதுப் பையன் வேலைக்குப் பயந்து கேட்கவில்லை. இது நியாயமா என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லாததால்தான் அவன் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறான். பத்துப் பேர் பார்க்க, கையில் சாக்குப்பையைக் கொடுத்து, எதற்கென்று சொல்லாமல் குனிய வைத்தால் பெரியவர்களுக்கே முகம் சுருங்கும். இவனோ அந்த மணலிலேயே ஓடி விளையாடி வளர்ந்தவன். வெளியூர்க்காரர்கள் வந்து அவனுடைய கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகும்போது அவனுக்கு உறுத்துவது இயல்புதான்.

அவனிடம் மறுபடி பேசுங்கள். "நீ கேட்டது சரியான கேள்விதான், வா, யார் போட்டதுன்னு எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டுத் தண்ணீர் பாட்டில், கேரி பை, தெர்மாகோல், கண்ணாடி பாட்டில், வலைத்துண்டு, தங்கூசி என்கிற நைலான் நரம்பு என்று பிரித்துக்கொள்ளட்டும். கரையில் ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்து, வாரம் இரண்டு காலை அங்கே ஒதுங்கிக் கிடப்பதை எண்ணி எழுதட்டும். பொறுக்குவது அப்புறம். முதலில் எண்ணட்டும். டூரிஸ்ட் போட்டதும் இருக்கும், நம் படகுகளிலிருந்து விழுந்ததும் இருக்கும். தெர்மாகோலும் வலைத்துண்டும் எங்கிருந்து வருகின்றன என்று உங்கள் வீட்டிலேயே அவன் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய பேச்சுதான்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மகன் எழுதிய கணக்கை வைத்து, கரையில் குப்பைத்தொட்டி வேண்டும், தடையை மீறும் கடைகளைக் கவனிக்க வேண்டும், கழித்த வலைகளைப் போட ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதுங்கள். வாக்காளர் என்ற முறையில் நீங்கள் எழுந்து அதைப் படிக்கலாம், தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவன் எண்ணிய கணக்கு அங்கே சத்தமாகப் படிக்கப்படுவது, பத்து நாள் முகாமைவிட அவனுக்குள் ஆழமாக இறங்கும் என்று நம்புகிறேன். எண்ணி முடித்த பிறகு அவனே குப்பையைப் பொறுக்கத் தொடங்கினால் நல்லது. தொடங்காவிட்டாலும் அவன் செய்தது ஊருக்கான வேலைதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன் பார்க்கிறான் என்பதற்குத் தண்டனையாக இதை வைத்துவிடாதீர்கள். "போனைக் கீழே வை, குப்பை பொறுக்கப் போ" என்று ஒரே மூச்சில் சொன்னால், அடுத்தவருக்கு உதவுவது என்றாலே அவனுக்குத் தண்டனை என்று பதிந்துவிடும். போன் எவ்வளவு நேரம் என்பதை வீட்டு விதியாகத் தனியே பேசி முடிவு செய்யுங்கள். அந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்து இருக்கட்டும்.

நூறு ரூபாயும் சான்றிதழும்

நாளைக்கு 100 ரூபாய் என்ற பேச்சை நிறுத்திவிடுங்கள். கொடுத்த வாக்கை மீறுகிற மாதிரி ஆகாமல், "முகாமே இல்லைன்னு முடிவு பண்ணிட்டோம், அதனால அந்தப் பேச்சும் இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. மார்க் லெப்பர் உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் 1973-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் ரிப்பன் கட்டிய ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்து, யாரும் சொல்லாதபோது எந்தக் குழந்தைகள் தாமாக வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பேரம் பேசி வரைய வைத்த குழந்தைகள் மற்ற இரண்டு குழுவைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. அதனால் ஒரு வாரம் நன்றாகச் செய்தான் என்று நீங்களாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பண்ணிக் கொடுத்தால் தப்பில்லை. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

காலேஜ் சீட்டு விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ பாட மதிப்பெண்ணின் கட்-ஆஃப் வைத்து நடக்கிறது. மருத்துவத்துக்கு நீட். கலை அறிவியல் கல்லூரிகளிலும் மதிப்பெண்தான் பேசும். தனியார் முகாமில் கொடுக்கிற காகிதத்துக்கு இங்கே எங்கும் மதிப்பெண் கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் கையில் இருக்கும் பலம் வேறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மகளைப் பிளஸ் ஒன் சேர்க்கும்போது இதை மனதில் வையுங்கள். மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள். பள்ளிக்குப் பொறுப்பு இருக்கும், ஆசிரியர் கூட இருப்பார், கட்டணமும் இராது. மகனின் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், தேசிய பசுமைப் படை இவற்றில் எது நன்றாக நடக்கிறது என்று ஜூன் மாதம் விசாரியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் அதைக் கடுமையாக்கினார்கள். 14 வயது ஆகாத குழந்தையை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவலாம் என்று விலக்கு இருக்கிறது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே அப்பாவோடு உட்கார்ந்து வலையைச் சரிசெய்வது குற்றமில்லை. அதே பையன் கூலிக்கு ஐஸ் கம்பெனிக்கோ கருவாட்டுக் கொட்டகைக்கோ போனால் குற்றம். சேவைக்கு வருவோம். வாரத்தில் சில மணி நேரம் பிள்ளை தானாக விரும்பி ஊருக்கு உதவினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் சேவை என்று பெயர் வைத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். நான் பெற்றோரிடம் சொல்கிற சோதனை ஒன்றுதான்: பிள்ளை செய்யாவிட்டால் இந்த வேலைக்கு யாராவது சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்களா? தங்கும் விடுதிக்காரர் தன் விடுதி முன்னால் இருக்கிற கரையைப் பிள்ளைகளை வைத்துச் சுத்தம் செய்துகொண்டால் அது அவர் மிச்சம் பிடிக்கிற கூலி.

கலாம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்து விநியோகிக்க அவர் தன் உறவினருக்கு உதவினார். ஆனால் அது கூலிக்குச் செய்த வேலை, அவருடைய முதல் சம்பாத்தியம். கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு அந்தப் பிள்ளை தோள் கொடுத்த கதை அது. மதிக்க வேண்டிய கதைதான். அதை வைத்து நம் பிள்ளைகளை எந்த வேலைக்கும் அனுப்பலாம் என்று சொல்ல முடியாது, இன்றைய சட்டமும் அனுமதிக்காது. சேவைக்கு அதை உதாரணமாகச் சொன்னாலும் பிள்ளைகள் குழம்புவார்கள்.

உங்கள் கணவரை எதிரணியில் நிறுத்தாதீர்கள்

கடிதத்தில் அவர் மேல் உங்களுக்கு வருத்தம் தெரிகிறது. எனக்கு அவர் சொன்னதில் ஒரு நல்ல வழி தெரிகிறது. வருடத்தில் பெரும்பகுதி கடலிலும் துறையிலும் இருக்கிற அப்பா, இந்த 61 நாள்தான் பிள்ளைகளோடு தொடர்ந்து இருக்கிறார். "எங்கூட வரட்டும்" என்று அவர் கேட்பதில் மகன் பக்கத்தில் வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. தடுக்காதீர்கள்.

ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் தெருவில் கணவர் இறந்து, சிறு வயது மகனை மட்டும் நம்பி வள்ளம் வைத்திருக்கிற வீடு இருக்கும். படுக்கையில் இருக்கிற பெரியவரின் வலை கிழிந்து மூலையில் கிடக்கும். அப்படி ஒரு வீட்டு வலையை இந்தத் தடைக்காலத்தில் அப்பாவும் மகனுமாகச் சரிசெய்து கொடுக்க முடியுமா? ஒரு மீனவத் தெருவில் இப்படி ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்பா கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். பையன் கிழிந்த கண்ணிகளின் ஓரத்தைக் கத்தியால் நறுக்கி ஒழுங்கு செய்துகொண்டே வந்தான். ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பதும் அவன் வேலை. ஓர் இடத்தில் முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அவனே அப்பாவிடம் காட்ட, அவர் ஒன்றும் சொல்லாமல் அதை அவிழ்த்து மறுபடி போட்டார். வலைக்குச் சொந்தக்கார அம்மா டீ கொண்டுவந்து வைத்தபோது பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனம். உங்கள் கணவர் "ஊர்க் குப்பை" என்று ஒதுக்குவதை இப்படித் தன் தொழில் வழியாகவே அவர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் சேவையைக் கற்றுக்கொள்வதும் நம்மைப் பார்த்துத்தான்.

மகளுக்கு

மாமியார் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். அவர் பயத்தில் பாதி நியாயம். முன்பின் தெரியாதவர்களோடு இரண்டு இரவு தங்க அனுப்புவது எனக்கும் சம்மதமில்லை. ஆனால் அவர் ஒன்றைத் தவறவிடுகிறார். ஆபத்து பெண்பிள்ளைக்கு மட்டும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012, 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். 11 வயது மகனையும் அதே ஜாக்கிரதையோடுதான் அனுப்ப வேண்டும். "இதை வீட்ல சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அது விளையாட்டாகவே இருந்தாலும், அன்றே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும்.

அதற்காக மகளை வீட்டிலேயே பூட்டிவைப்பது பதில் ஆகாது. பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள நாட்கள் அவளுக்குத் திக்திக் என்றுதான் போகும். அவளிடமே கேளுங்கள், என்ன செய்யப் பிடிக்கும் என்று. கடிதம் முழுவதும் தேடினேன், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. பக்கத்துத் தெருச் சின்னப் பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்துத் தினமும் ஒரு மணி நேரம் கதைப்புத்தகம் வாசிக்கலாம். கிளை நூலகம் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. கடல்பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் அம்மாக்கள் பலர் லீவு நாளில் சின்னப் பிள்ளைகளையும் கரைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் காலை நேரத்தில் ஓர் அக்கா, மாமியாரின் கண் பார்வையிலேயே, திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டால் அது அந்த வீடுகளுக்குப் பெரிய உதவி. மாமியாரையும் இதில் சேர்த்துவிடுங்கள். கதை சொல்வதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற பாட்டிமார்களுக்கு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்த்துச் சொல்வது, எது காலை எது இரவு என்று கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது இதெல்லாம் 15 வயதுப் பெண் அழகாகச் செய்யக்கூடியவை. மாத்திரை விஷயத்தில் டாக்டர் சீட்டில் இருப்பதை எடுத்துச் சொல்வது மட்டும்தான் அவள் வேலை, மாற்றிச் சொல்லவே கூடாது. இன்னொரு கண்டிப்பும் வேண்டும்: யாருடைய ஏடிஎம் பின் நம்பரையும் ஓடிபியையும் அவள் கேட்கவும் கூடாது, அவர்களே சொல்ல வந்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது. பணம் குறைந்தால் பழி பிள்ளை மேல்தான் விழும்.

முகாம்காரர்களிடம் கேட்க வேண்டியது

எல்லா முகாமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தோடு நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் இந்த நோட்டீசில் சில விஷயம் இடிக்கிறது.

நம் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. முட்டை பொரிய ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் பிடிக்கும். மே மாதத்தில் இரவெல்லாம் முட்டை தேடுவதாகச் சொல்வதே பொருந்தவில்லை. தவிர, கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொட்டாலே சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். பிள்ளைகளுக்கு ஆமை பார்க்க ஆசை இருந்தால், தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவது எப்போது, வந்து பார்க்கலாமா என்று மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது, சூடு கூடினால் பெண் என்ற விஷயத்தை மகனிடம் சொல்லிப்பாருங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்பான்.

தீவு விஷயமும் அப்படித்தான். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. பவளத்துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் ஞாபகத்துக்கென்று எடுத்து வரவும் கூடாது. உங்கள் கணவருக்கு இது நன்றாகவே தெரியும், அவரிடம் நோட்டீசைக் காட்டுங்கள்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள்: வனத்துறை அனுமதிக் கடிதம் எங்கே? குழு பதிவு செய்யப்பட்டதா? எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர்? எங்கே தங்க வைப்பீர்கள், கழிப்பறை எப்படி? படகில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? பிள்ளைகளின் போட்டோவை எங்கே போடுவீர்கள்? பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அதுவே போதும், பேச்சை முடித்துக்கொள்ளலாம். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள், கட்டியது போன் வழியாக என்றால் அந்த விவரத்தை எடுத்து வையுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

கரையில் இறங்கும்போது

மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். செருப்பில்லாமல் இறங்கக் கூடாது, கையுறை கட்டாயம், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே போகட்டும். ஊசி, உடைந்த கண்ணாடி, தூண்டில் முள் இவற்றைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். மணலில் செத்துக் கிடக்கும் சொறியும் (ஜெல்லி மீன்) கொட்டும், கையால் தொடக் கூடாது. நம் கரையில் ஒட்டி மூடிய பொட்டலமோ, மூடிய டப்பாவோ, சிலிண்டர் மாதிரி ஏதாவதோ ஒதுங்கிக் கிடந்தால் பிள்ளைகள் கிட்டே போகவே கூடாது. விலகி நின்று 1093-க்கு, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைப் பக்கம் போனால் தண்ணீரில் இறங்குவதே வேண்டாம். அங்கே இழுப்பு எப்படி என்று உங்கள் கணவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

எல்லாவற்றையும் இந்த மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் போதும். நடுவில் ஒரு வாரம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அப்புறம் அவர்களாகவே திரும்புவார்கள். இந்த வெயிலில் மரம் நட அழைத்தால் போக வேண்டாம், கன்று காய்ந்துவிடும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள். நம் மாவட்டத்துக்கு ஏற்ற வேலை பனைவிதை போடுவது. ஆடி, ஆவணியில் பழம் விழத் தொடங்கும். விழுந்ததை அப்போதிலிருந்தே சேர்த்து வைத்து, காலாண்டு லீவில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஊராட்சியில் கேட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் போடலாம். மகனுக்கு இதில் ஆர்வம் வருமா என்று உங்கள் கணவரையே பேசிப்பார்க்கச் சொல்லுங்கள், எத்தனை சாக்கு சேர்ப்பது என்பதை அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்துகொள்ளட்டும்.